பன்னிரண்டு ஜன்னல்களை அடைத்தவன்

நான் ஏசி மெக்கானிக். முப்பத்தோரு வருடமாக ஊரார் வீட்டைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் மூன்றாம் எண்ணுக்கு மேல் வைத்தால் அழும். தெருவில் என் பெயர் 'கூலிங்'. "கூலிங் இருக்காரா?" என்று யாராவது வாசலில் வந்து நின்றால், "இருக்காரு, கொஞ்சம் சூடா இருக்காரு, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் மனைவி கதவைத் திறப்பாள்.

தொழிலில் நான் கெட்டிக்காரன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை. ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டி, "நீங்க இங்க உட்காருங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவேன். அந்த வியாதியால் என் மகளுடைய வாழ்க்கையில் நான் என்ன செய்து வைத்தேன் என்பதுதான் கதை.

எங்கள் தெருவில் எங்கள் மதத்தாரின் பிரார்த்தனைக் கூடம் இருக்கிறது. உயரமான பன்னிரண்டு ஜன்னல்கள்: தெருப்பக்கம் ஆறு, சந்துப்பக்கம் ஆறு. வாரம் ஒரு நாள் காலையில் எங்கள் பெரியவர் உரை நிகழ்த்துவார். அவருக்குச் சம்பளம் நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுப்போம். ஒழுங்காகப் போட்டதாகச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பெரியவர் ஒரே உரையை வருடத்துக்கு மூன்று முறை சொல்வார், நாங்களும் மூன்று முறையும் தூங்குவோம்.

கூடத்துக்கு நேர் எதிரே டெய்லர் கடை. டெய்லர் எங்கள் மதமில்லை. ஆனால் இருபத்தைந்து வருடமாகப் பெரியவரின் உரையை ஒன்று விடாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான், ஏனென்றால் நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். நான் கூடத்திலிருந்து வெளியே வந்ததும் கூப்பிட்டு, "கூலிங், இன்னிக்கு உங்க பெரியவர் பொறுமையைப் பத்திப் பேசினாரு. ஆனா கடைசியில மைக் வேலை செய்யலன்னு ஒருத்தர் மேல எரிஞ்சு விழுந்தாரு, கேட்டீங்களா?" என்பார். நான் கேட்டதாகத் தலையாட்டுவேன்.

ஒரு வாரம், பக்கத்துத் தெருவில் எங்கள் மதத்தாருக்கும் டெய்லரின் மதத்தாருக்கும் ஏதோ கைகலப்பு. பெரியவருக்கே கோபம் வந்துவிட்டது. "அந்த ஆளுங்க இருக்காங்களே..." என்று குரலை உயர்த்தினார். எதிரே தையல் மெஷின் நின்றது. பெரியவர் ஜன்னல் வழியே பார்த்தார். டெய்லர் ஊசியையும் நூலையும் கையில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த ஆளுங்களுக்கும் நமக்கும் ஒரே குழாய்லதான் தண்ணி வருது" என்று முடித்தார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அன்றைக்கு அதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் பற்றி எதற்குப் பேசுகிறார் என்றுதான் யோசித்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கூடத்துக்கு ஆறு பெரிய ஏசி அன்பளிப்பாக வந்தது. கொடுத்தது ஏதோ ஒரு 'நலச் சங்கம்' என்றார் கமிட்டிச் செயலாளர். அவர் இரும்புச் சாமான் கடைக்காரர். ஆணியைக்கூட எண்ணிக் கொடுப்பவர். அவர் என் தோளில் கை போட்டு, "மாட்டுறதும் நீங்கதான், பராமரிப்பும் நீங்கதான். இனிமே நீங்க கமிட்டியில ஒருத்தர். முன்வரிசையில உட்காருங்க" என்றார். அவ்வளவுதான். நான் தரையில் நடந்து வீட்டுக்குப் போனதாக நினைவில்லை.

ஏசி மாட்டினால் ஜன்னலை அடைக்க வேண்டும். பன்னிரண்டையும் நானே அடைத்தேன். பலகை, அதற்கு மேல் கண்ணாடி, ஓரமெல்லாம் சிலிகான் பசை. என் வீட்டுக் கூரை பத்து வருடமாக ஒழுகுகிறது, அதை அடைக்க எனக்கு நேரமில்லை. ஆனால் கூடத்தில் ஒரு எறும்பு மூச்சுவிட இடம் வைக்கவில்லை. வேலை முடிந்த அன்று டெய்லர் கடை வாசலில் வந்து நின்றார். "என்ன கூலிங், இனிமே நான் உரை கேக்க முடியாதா?"

"இனிமே உங்களுக்குச் சத்தத் தொந்தரவு இருக்காதுல்ல" என்றேன். எங்கிருந்துதான் எனக்கு அப்படிப் பேச வந்ததோ.

குளிரில் இரண்டே வாரத்தில் பெரியவருக்குச் சளி பிடித்து நெஞ்சு கட்டிக்கொண்டது. "ஓய்வெடுங்க" என்று கமிட்டி அன்போடு அனுப்பி வைத்தது. அடுத்த வாரமே ஒரு புதியவர் வந்தார். வெளிநாட்டிலேயே பிறந்து படித்தவர், விசாவில் வந்திருந்தார், சம்பளமும் அங்கிருந்தே வந்துவிடுமாம். நாங்கள் ஒன்றும் போட வேண்டாம் என்றதும் எல்லார் முகத்திலும் பக்தி பொங்கியது. என் முகத்தில் கொஞ்சம் அதிகமாகவே பொங்கியிருக்கும். அவர் வந்தவுடன் கேட்டது ரிமோட்டைத்தான். வாங்கி எல்லா ஏசியையும் பதினாறு டிகிரியில் வைத்தார். அதற்கப்புறம் யாரும் மாற்றக் கூடாது. அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பதினாறு'.

பதினாறு எங்களைத் தூங்க விடவில்லை. முதல் மாதம் சுத்தம் பற்றிப் பேசினார். இரண்டாம் மாதம் யார் சுத்தம், யார் அசுத்தம் என்று பேசினார். ஆறாம் மாதம், வெளியாரோடு கொடுக்கல் வாங்கல், சிரிப்பு, சாப்பாடு எதுவும் கூடாது என்றார். ஒரு நாள், "நம்ம உடம்புல போடுற துணியை எவன் தைக்கிறான்னு பாருங்க. நம்ம கூடத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து நம்மளை வேவு பார்க்கிறவன் தைக்கலாமா?" என்று கேட்டார். உள்ளே இருந்த எல்லாருக்கும் யாரைச் சொல்கிறார் என்று தெரியும். எனக்கும் தெரியும். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்றாவது ஏசியின் இறக்கை சரியாக அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் அசைந்தது.

இனி என் மாப்பிள்ளை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். என் மகள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலி வேனில் அவளை மருத்துவமனை வாசலில் இறக்கிவிடுவார். அவள் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டால் அதை எடுத்துக்கொண்டு வார்டுக்கே ஓடுவார். அவளிடம் அவருக்கு அப்படி ஒரு பிரியம். அப்படிப்பட்டவரைப் பதினாறு நடத்திய 'தனி வகுப்பு'க்கு அனுப்பி வைத்த புண்ணியவான் நான்தான். "மதியம் சும்மாதானே இருக்கீங்க மாப்பிள்ளை, வேன்ல கெடந்து வேகுறதுக்கு அங்க வந்து ஏசியில உட்காருங்க" என்றேன். மாமனார் வார்த்தையைத் தட்டாதவர், போய் உட்கார்ந்தார்.

எட்டு மாதத்தில் அவர் வேனில் பாடிக்கொண்டிருந்த வானொலியை நிறுத்தினார். அப்புறம் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்தார். அப்புறம் என் மகளிடம், ஆண் நோயாளிகளைத் தொட்டு ஊசி போடுகிற வேலை பாவம், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இரு என்றார். அவள் மாட்டேன் என்றாள். ஒரு மாதம் பேச்சு நடந்தது, ஒரு மாதம் பேச்சே நடக்கவில்லை. பிறகு ஒரு மதியம் அவள் ஒரு பெட்டியும் மூன்று செட் சீருடையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"வேலைய விட்டுட்டு வர்றதுன்னா வா, இல்லன்னா வராதேன்னாரு. பதினாறு எழுதிக் கொடுத்த மாதிரி, மூஞ்சியப் பார்க்காம சொன்னாரு."

என் மனைவி வாசலுக்கு வந்தாள். பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

அதே வாரம் டெய்லர் கடைப் பெயர்ப்பலகையில் யாரோ தார் ஊற்றினார்கள். டெய்லர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அது எங்கெங்கோ சுற்றி, வெளிநாட்டு நன்கொடைகளைச் சரிபார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மாவைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கையில் ஒரு கோப்பு, காலில் ரப்பர் செருப்பு. கமிட்டியை உட்கார வைத்து நேராகவே கேட்டார்: "இந்த ஏசி, உரையாற்றுறவர் சம்பளம், அவர் வகுப்புல வாசிக்கிற புத்தகம் எல்லாம் யார் கொடுத்தது?"

"நலச் சங்கம்" என்றார் செயலாளர்.

"அந்தச் சங்கத்துக்கு யார் கொடுக்கிறாங்க?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நலச் சங்கத்தின் ஆபீசுக்கும் ஏசி மாட்டியவன் நான்தான். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு நாட்டின் மன்னர் படம். மூன்று வருடத்தில் அங்கே ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை. ஃபில்டர் கழுவப் போகும்போதெல்லாம் அந்த ஆபீஸ் சாவியை எங்கே வாங்குவேன் தெரியுமா? அந்த மன்னருடைய நாட்டுத் தூதரகத்தின் வாசல் காவலரிடம். மூன்று வருடம் தூதரகத்துக்குப் போய்ச் சாவி வாங்கி, பூட்டித் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நாளாவது என் மண்டைக்கு ஏதாவது எட்டியிருக்க வேண்டுமே. காவலர் டீ வாங்கிக் கொடுப்பார், குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இப்போது எட்டியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசை நாற்காலி என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதிகாரி அம்மா கோப்பை மூடிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் மகளிடமும் சாவிக் கதையைச் சொன்னேன். மகள் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இத அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"ஆதாரம் கேப்பாங்கம்மா. நான் டீ குடிச்சதா ஆதாரம்?"

என் மனைவி எழுந்து ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் ஏறினாள். அட்டைப்பெட்டி எதையும் தூக்கிப் போடாதவள் அவள். அதற்காகவே எங்களுக்குள் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. கூடத்து ஏசி வந்த ஆறு பெட்டிகளும் மேலேதான் இருந்தன. ஒன்றில் மகளின் பள்ளி நோட்டுகள், ஒன்றில் உடைந்த மிக்சி, மற்றவற்றில் கம்பளி. அவள் ஒரு பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினாள். கப்பலில் வந்தபோது ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. பெறுபவர் என்ற இடத்தில் நலச் சங்கம் இல்லை. தூதரகம், பண்பாட்டுப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆறு பெட்டியையும் பிரித்தவன் நான். சீட்டுக்கு ஒரு விரல் மேலேதான் கத்தியை வைத்துக் கிழித்திருக்கிறேன்.

"இதத் தூக்கிப் போடச் சொன்னீங்களே" என்றாள் என் மனைவி. மூன்று மாதத்துக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் இரண்டு பெட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நடத்துனர் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார், உள்ளே காலி என்று காட்டியும் நம்பவில்லை. அதிகாரி அம்மா சீட்டை மூன்று தடவை படித்தார். சாவிக் கதையை எழுதி வாங்கிக்கொண்டார்.

"வெளிநாட்டு அரசாங்கமே கொடுக்கிறதுன்னா அதுக்கு முன் அனுமதி வேணும். அதை மறைக்கத்தான் நடுவுல ஒரு சங்கம்" என்றார். "இனி சங்கத்தை மூடலாம், பணத்தை நிறுத்தலாம், அவர் விசாவ நீட்டிக்காம விடலாம். எங்க வேலை அதோட முடிஞ்சுது."

"அப்போ எல்லாம் சரியாகிடுமாம்மா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"மூணு வருஷமா காதுல போனதை நான் எந்தச் சட்டத்தை வச்சு வெளிய எடுக்கறது? அது உங்க வேலை."

அவர் சொன்னது எல்லாம் நடந்தது. சங்கத்துக்குப் பூட்டுப் போட்டார்கள், பதினாறு மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கிளம்பினார். ஏசியைத் திருப்பிக் கொடுப்பதா என்று கமிட்டி கூடியது. மூன்று மணி நேரம் பேசினார்கள். கொள்கை பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, வேர்வை பற்றித்தான் பேசினார்கள். "எவன் காசுல வந்தா என்ன, காத்து காத்துதானே?" என்றார் செயலாளர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் முன்வரிசையிலிருந்து எழுந்து நின்றேன்.  "அந்தக் காத்துல என் பொண்ணு வீடு போச்சு" என்றேன். அதற்கு மேல் ஒரு பெரிய பேச்சு யோசித்து வைத்திருந்தேன், முதல் வரியே மறந்துபோனதால் கூட்டம் தப்பித்தது. கடைசியில் முடிவு செய்தார்கள்: உரையாற்றுபவருக்குச் சம்பளம் நாங்களே போட வேண்டும், மாதம் தவறாமல். எந்த அன்பளிப்பானாலும் கொடுத்தவர் யார், அவருக்குக் கொடுத்தவர் யார் என்று வாசல் பலகையில் எழுத வேண்டும். ஏசி வேண்டாம். பெரியவரைப் போய்க் கூப்பிட்டோம். ஒரு கம்பளித் தொப்பியோடு வந்து சேர்ந்தார்.

அடைத்த ஜன்னல்களைத் திறப்பதும் என் தலையில்தான் விழுந்தது. நாலு நாளில் அடைத்ததைத் திறக்கப் பதினோரு நாள் ஆயிற்று. டெய்லர் கடையில் புதுப் பலகை மாட்டியிருந்தார். எதிரே உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா போட்டுக்கொண்டே நான் சுரண்டுவதைப் பார்த்தார். "கூலிங், நீங்க செஞ்ச வேலையில இவ்வளவு உறுதியா நான் எதையும் பார்த்ததில்ல" என்றார். மன்னிப்புக் கேட்கலாம் என்று கிட்டப் போனேன். ஒரு சட்டை தைக்க அளவு கொடுத்துவிட்டு வந்தேன். அவரும் அளந்துகொண்டே என் வயிற்றைப் பற்றி ஏதோ சொன்னார்.

ஆனால் மாப்பிள்ளை வரவில்லை. பதினாறு போனாலும் அவருடைய தனி வகுப்பு போகவில்லை. எட்டுப் பேர் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, பழைய ஏசி ஒன்றை வைத்துக்கொண்டு, ஜன்னலை மூடிக்கொண்டு தொடர்ந்தார்கள். பதினாறு விட்டுப்போன புத்தகத்தை ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். மகள் பெட்டியோடு வந்து ஆறு மாதம் ஆகியும் அவளுக்கு அவரிடமிருந்து ஒரு போன் இல்லை.

ஒரு மதியம் என் போன் அடித்தது. மாப்பிள்ளை. என் மகளைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

"மாமா..." என்றார். "இங்க ஏசி ஓடல. வேற மெக்கானிக் கிடைக்கல."

பழுதுபார்க்கத்தான் கூப்பிட்டார். வருகிறேன் என்றேன். கருவிப்பெட்டி கனமாக இருந்ததால், டூட்டிக்குக் கிளம்பிய மகள், "ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தாள். எங்கே என்று கேட்டாள், சொன்னேன்.

மாடி அறையில் எட்டுப் பேரும் தண்ணீரில் முக்கி எடுத்தவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார். ஏசியைத் திறந்தேன். கெபாசிட்டர் என்கிற சின்னச் சாமான் ஒன்று போயிருந்தது. என் பெட்டியிலேயே அதே அளவில் மூன்று இருந்தன. ஐந்து நிமிட வேலை.

"கம்ப்ரசர் போயிடுச்சு" என்றேன். "சரி பண்ண முடியாது."

முப்பத்தோரு வருடமாக நான் எத்தனையோ பேரிடம் சொன்ன பொய்தான் அது. அப்போதெல்லாம் கம்ப்ரசர் மாற்றிய காசு வந்தது. சல்லிக்காசு கிடைக்காமல் சொன்னது இது ஒரு தடவைதான்.

"இப்போ என்ன மாமா பண்றது?"

"ஜன்னலைத் திறங்க."

வாசித்துக்கொண்டிருந்தவர் கூடாது என்றார். மற்ற ஆறு பேரும் வேர்வையைத் துடைத்தார்கள். நான் பெட்டியிலிருந்து தகட்டை எடுத்து, சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்த பெயின்ட்டைச் சுரண்டினேன். மாப்பிள்ளை வந்து ஒரு தள்ளுத் தள்ளினார். ஜன்னல் திறந்தது. காய்கறிக்காரர் கூவினார், எங்கோ ஒரு குழந்தை அழுதது, எதிர்க் கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசிப்பவர் புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து, "வெளியே இருக்கிறவர்கள்..." என்று ஆரம்பித்தார். ஜன்னலைப் பார்த்தார். குரல் தானாக இறங்கியது. அடுத்த வரியில் இன்னும் இறங்கியது. அப்புறம் பக்கத்தைப் புரட்டினார்.

மாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். என் மகள் போகவில்லை. சீருடையோடு, ஸ்கூட்டரை நிறுத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தாள். ஜன்னல் திறந்த சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஏழு பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் மாப்பிள்ளை கேட்டார்:

"டூட்டி முடிஞ்சுதா?"

"இல்ல, இனிமேதான்" என்றாள்.

"சாப்பாட்டுப் பை எங்க?"

அவள் ஸ்கூட்டரின் கொக்கியைப் பார்த்தாள். அங்கே இல்லை. வீட்டிலேயே மறந்திருந்தாள்.

மாப்பிள்ளை செருப்பைத் தேடினார். நான் என் பெட்டியை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அவர் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. யாரோ ஜன்னலைச் சாத்த எழுந்தார்கள். "விடுங்க, உள்ள வேகுது" என்றேன்.